ஏற்றுமதியாளர் ரிஸ்தென்

ரிஸ்தெனின் விண்ணப்பம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. கூட வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். அடுப்பருகே உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டியை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் ஹெய்க்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அவள் சந்தோஷத்தில் சிரித்தால் வேறு மாதிரி சிரிப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"என்னவாம்?"

"தேதி போடலையாம். வெளியேறும் தேதி, வெளியேறும் இடம், திரும்பும் தேதி, எல்லாம் காலியா இருக்காம். அதை விடு, மேலே என் பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கான்னு பாரு. 'ஏற்றுமதியாளர்'. நம்ம வம்சத்துலயே மொத ஏற்றுமதியாளர் நான்தான்."

"ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அனுப்பித் தொலையேன். மே அஞ்சுன்னு போடு."

"அஞ்சாம் தேதி மான் கிளம்பலைன்னா?"

"ஆறாம் தேதி போவோம். எவன் வந்து பாக்கப் போறான்?"

"எவனும் பாக்கலைன்னா பொய் எழுதலாமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பொய்யைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவான்."

ஹெய்க்கா கோப்பைக்குள் பார்த்தான். கட்டி காபியில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. ஒன்றைக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவர்களுடைய பனிமான்கள் குளிர்காலம் முழுக்க ஸ்வீடன் பக்கத்துக் காடுகளில் மேயும். வசந்தத்தில், சினைமான்கள் கன்று போடுவதற்கு முன்னால், மலையைத் தாண்டி நார்வே பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குப் போய்விடும். பனிமான் மேய்க்கும் வடகோடிப் பழங்குடிகளான சாமி இன மக்கள், ரிஸ்தெனின் ஆட்கள், மந்தைக்குப் பின்னாலேயே போவார்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவில் எல்லை என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது. எல்லை என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டை மலையில் அங்கங்கே மஞ்சள் வர்ணம் பூசிய கற்குவியல்கள். மான்கள் அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

மந்தையோடு ஒரு துப்பாக்கியும் போகும். கால் ஒடிந்த மானை வேதனையிலிருந்து விடுவிக்க, கன்றுகளைத் தேடி வரும் கீரிக்கரடி என்ற வேட்டைவிலங்கை விரட்ட. அதைப் பற்றி யாரும் அதுவரை கேட்டதில்லை. அந்த வருஷம்தான் புது விதி வந்தது. பொழுதுபோக்குக்கு வேட்டையாடப் போகிறவர்களுக்கு ஒரு அட்டை உண்டு, அதைக் காட்டிவிட்டுப் போகலாம். போட்டியில் சுடப் போகிறவர்களுக்கும் அதே அட்டைதான். ரிஸ்தென் வேட்டைக்கும் போகவில்லை, போட்டிக்கும் போகவில்லை. வேலைக்குப் போகிறாள். ஆகவே மிச்சமிருந்த ஒரே வகையில் அவளைத் தூக்கிப் போட்டார்கள்: வெளிநாட்டுக்கு ஆயுதம் அனுப்பும் தொழில் செய்வோர். கப்பலில் பீரங்கி ஏற்றுகிறவனுக்கும் அவளுக்கும் ஒரே படிவம். ஒவ்வொரு தடவை எல்லை தாண்டவும் தனி உரிமம், தனிக் கட்டணம். அந்தப் பக்கம் இறக்குமதிக்கு இன்னொரு அனுமதி, இன்னொரு கட்டணம். திரும்பி வரும்போது எல்லாமே மறுபடி தலைகீழாக.

வசந்தத்தில் காற்று திசை மாறினால் மந்தை வந்த வழியே திரும்பி ஓடும். மறுநாள் மறுபடி போகும். ஒரே வாரத்தில் நாலைந்து தடவை இரண்டு நாட்டுக்கும் போய் வந்துவிடும்.

"நேர்லயே போய்க் கேட்டுட்டு வரேன்" என்று ரிஸ்தென் கார் சாவியை எடுத்தாள்.

"சண்டை போடாத."

"சண்டை எதுக்கு? ஏற்றுமதியாளர்னா மரியாதையாத்தான் பேசணும்."

*

நகரத்துக் காவல் நிலையத்தில் ஆயுத உரிமப் பிரிவு என்றால் ஒரு மேசையும் சிக்வார்டும்தான். ஓய்வுபெற இன்னும் சில வருஷங்களே இருந்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார். ரிஸ்தெனைப் பார்த்ததும் அவர் முகத்தில், பல் டாக்டரிடம் வந்தவர் முகத்தில் வருமே, அந்தக் கலக்கம் வந்தது.

"உக்காருங்கம்மா. தேதிதானே?"

"ஆமாய்யா. மான் எப்பக் கிளம்புதோ அதான் தேதி. அப்படி எழுதினா எடுத்துப்பீங்களா?"

"கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. நம்பர்தான் கேக்குது."

"சரி, எத்தனை தடவை தாண்டுவேன்னு கேட்டிருக்கீங்க. அது காத்தைப் பொறுத்தது. காத்துகிட்ட கேட்டுச் சொல்லவா?"

சிக்வார்ட் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, மறுபடி நெற்றிக்கே ஏற்றினார். "நான் ஒரு யோசனை சொல்றேன். உங்க நல்லதுக்குத்தான். இங்க ஒரு துப்பாக்கி வெச்சுக்கோங்க. நார்வேல ஒண்ணு வாங்கி அங்கயே வெச்சிடுங்க. எல்லை தாண்ட வேண்டிய வேலையே இல்ல."

"அங்க எங்க வெக்கிறது? எனக்கு அங்க இருக்கிறது ஒரு கூடாரம். துப்பாக்கின்னா சுவரோட பூட்டின இரும்புப் பெட்டி வேணும்னு அவங்க சட்டம் சொல்லுது. துணியில எப்படிப் பூட்டுறது? அது போகட்டும், ஊர்ல ஆயுதத்தைக் குறைக்கத்தானே இந்த விதி? ஒண்ணு வெச்சிருக்கிறவளை ரெண்டு வாங்குங்கிறீங்களே."

விதியை அவர் எழுதவில்லை. அது இருவருக்கும் தெரியும். அதனால்தான் ரிஸ்தெனுக்கு இன்னும் கோபம் வந்தது. இங்கே யாரிடம் கோபப்பட்டாலும் அந்த ஆள் அதற்குப் பொறுப்பில்லாதவனாகவே இருக்கிறான்.

"கட்டணம் பெரிசுன்னா தவணையில கட்டலாம்" என்றார் சிக்வார்ட், மெதுவாக.

"கட்டணத்துக்காக வரலைய்யா. அதைக் கட்டிட்டேன்னு வெச்சுக்கோங்க, நான் ஆயுதம் விக்கிறவள்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. என் மான் மேயற இடம் எனக்கு வெளிநாடுன்னும் ஒத்துக்கிட்ட மாதிரி. ரெண்டும் பொய்." எழுந்துகொண்டாள். "இந்த வருஷம் துப்பாக்கியை இந்தப் பக்கமே வெச்சுட்டுப் போறேன். அங்க ஏதாவது ஒண்ணுன்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"தாராளமா கூப்பிடுங்க" என்று அவர் தன் கைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுத்ததற்காக அவர் பிறகு பல நாள் வருந்தினார்.

*

மே மாதம் பிறந்து, பனியின் மேல்தோல் விடியற்காலைகளில் கல்போல் இறுகியிருந்த ஒரு வாரத்தில் மந்தை கிளம்பியது. கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பெண்மான் ஒன்று எப்போதும் முன்னால் போகும். ஒரு காது மடிந்த, பிடிவாதக்காரி. அவள் நகர்ந்தால் மற்றவை நகரும். ரிஸ்தெனும் ஹெய்க்காவும் ஆளுக்கொரு பனிஸ்கூட்டரில் பின்னால் போனார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு மரக்குடிசை உண்டு. அங்கேயே இரும்புப் பெட்டியில் துப்பாக்கியை வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மஞ்சள் கற்களைத் தாண்டியதும் மலை சட்டென்று இறங்கும். கீழே ஒரு குறுகலான பள்ளம், அதன் விளிம்பையொட்டி ரயில் பாதை. சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் நீண்ட வண்டிகள் இரவும் பகலும் அதில் ஓடும். மந்தை வருகிறது என்று ரயில்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மெதுவாக ஓட்டச் சொல்வது வழக்கம். அன்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் விடிந்ததும் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டது. பாதையில் பனியை வாரித் தள்ளியிருந்ததால் நடக்க வசதியாக இருந்தது. மான்கள் அதிலேயே நடந்தன.

சத்தம் ரிஸ்தெனுக்கு முதலில் கேட்டது. பிரேக் போடும் இரும்பின் நீண்ட கிறீச்சல். அத்தனை பாரத்தோடு வருகிற வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. மூடுபனிக்குள் தொப் தொப்பென்று, மூட்டை விழுவதுபோல் அடுத்தடுத்து ஓசைகள். அப்புறம் மணியோசை நின்றுபோனது.

அவள் கீழே போய்ச் சேர்ந்தபோது என்ஜின் டிரைவர் பாதையோரம் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஈவர் என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டாள். "நிறுத்தப் பாத்தேன், நிறுத்தப் பாத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"தெரியும் தம்பி. எந்திரி. பனியில உக்காராத."

செத்தவை செத்துவிட்டன. அவற்றைப் பற்றி அப்புறம் நினைத்துக்கொள்ளலாம். பாதையோரம் அடிபட்டுக் கிடந்தவற்றை ஹெய்க்கா கத்தியோடு ஒவ்வொன்றாகப் போய் முடித்துவைத்தான். ஆனால் சில மான்கள் தூக்கி எறியப்பட்டுப் பள்ளத்துக்குள் விழுந்திருந்தன. மூடுபனி விலகியதும் தெரிந்தது. செங்குத்தான பாறைக்குக் கீழே, பாதி உருகிய பனிக்கட்டியின் மேல் நான்கைந்து மான்கள். பின்னங்கால் ஒடிந்தது ஒன்று முன்னங்காலால் இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தது. மணிக்காரி அங்கேதான் கிடந்தாள். எழுந்திருக்கப் பார்ப்பாள், விழுவாள். வயிற்றில் கன்று.

இறங்கப் பார்த்த ஹெய்க்காவை ரிஸ்தென் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கீழ பனிக்கட்டி தாங்காது. நீயும் போயிட்டா நான் எத்தனை பேருக்கு அழறது?"

சுருக்குக்கயிறும் எட்டவில்லை. பனிமான் வலித்தாலும் கத்தாது. வாயைத் திறந்து மூச்சு விடும், அவ்வளவுதான். அந்த மூச்சு ஆவியாக எழும்புவது மேலிருந்தே தெரிந்தது.

ரிஸ்தென் கைபேசியை எடுத்து சிக்வார்டைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "நீங்க வாங்க. துப்பாக்கியோட வாங்க. கூப்பிடுங்கன்னு சொன்னீங்கல்ல."

"நான் எப்படிம்மா வர முடியும்? அது நார்வே. நார்வே போலீசைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டாள். அங்கே பேசிய பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். ஆனால் பக்கத்தில் இருக்கிற ஆள் கடற்கழியின் மறுகரையில் இருக்கிறார், சாலையில் பனிச்சரிவு, மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும் என்றாள். ரிஸ்தென் பள்ளத்தைப் பார்த்தாள். மணிக்காரி மறுபடி எழப் பார்த்தாள்.

சிக்வார்டை மறுபடி அழைத்தாள்.

"ஐயா, எழுதிக்கோங்க. என் துப்பாக்கி எல்லைக்கு உங்க பக்கம் குடிசையில இருக்கு. நான் போய் எடுத்துட்டு வரப் போறேன். உரிமம் இல்ல, கட்டணம் கட்டலை. தேதி இன்னிக்கு. இடம் ரயில் பாதைக்கு மேல, மஞ்சக் கல்லுக்குப் பக்கத்துல."

"ரிஸ்தென், வேணாம். இதை எங்கிட்ட சொல்லாதீங்க. நான் கேக்கலை, எதுவும் கேக்கலை."

"கேளுங்க. நல்லாக் கேளுங்க. நான் திருட்டுத்தனமா போகலை."

ஸ்கூட்டரைத் திருப்பினாள். மலையேறி, கற்களைத் தாண்டி, குடிசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை முதுகில் மாட்டி, வந்த வழியே திரும்பினாள். கற்களைத் தாண்டும்போது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். ஈவர் அவள் பக்கத்தில் வந்து நின்றான். போகச் சொன்னாள். "இல்லக்கா, நான் இருக்கேன்" என்றான். ஒவ்வொரு குண்டுக்கும் அவன் தோள் குலுங்கியது. அவள் மணிக்காரியைக் கடைசியாக வைத்துக்கொள்ளவில்லை. அவளைத்தான் முதலில் முடித்தாள். மற்றவற்றைச் சுடும்போது கண் மங்கலாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒன்றும் தவறவில்லை.

வேலை முடிந்து, பள்ளத்தில் எதுவும் அசையவில்லை என்று ஆனதும் ஹெய்க்கா வந்து அவள் முதுகில் கை வைத்தான்.

"போய் அதைப் பெட்டியில வெச்சுடு. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

"நான் எதையும் பாக்கலைக்கா" என்றான் ஈவரும். "யாராவது கேட்டா அந்தக் கத்தியாலதான்னு சொல்லிடறேன்."

கைபேசி அடித்தது. சிக்வார்ட். "நான் எதையும் எழுதலை. வீட்டுக்குப் போங்க. தயவுசெஞ்சு."

மூன்று பேருமே அவள்மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. அதுதான் அவளை அடியோடு உசுப்பிவிட்டது.

"நான் என்ன கொலையா பண்ணேன்? ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கிறீங்களே! இன்னிக்கு நீங்க மூடிக்கிட்டா, அடுத்த வருஷமும் நான் திருடி மாதிரி பதுங்கித்தான் போகணும். என் கொள்ளுப்பாட்டன் நிமிந்து நடந்த பாதையில." துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஹெய்க்கா, நீ மந்தையைப் பாரு. நான் நகரத்துக்குப் போறேன்."

*

சிக்வார்டின் மேசைமேல் துப்பாக்கியை வைத்தாள். குண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தாள். சட்டைக் கையில் இரத்தம் காய்ந்திருந்தது.

"உரிமமில்லாம ஏற்றுமதி பண்ணேன். திரும்பக் கொண்டு வந்ததால இறக்குமதியும் பண்ணேன். ரெண்டுக்கும் வழக்குப் போடுங்க."

"ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்றார் சிக்வார்ட். அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. "எனக்கு இதைப் பதியறதைத் தவிர வேற வழியில்லாமப் பண்றீங்க."

"எனக்கும் வேற வழி வெக்கலையேய்யா."

பதிந்தார். நார்வேக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒன்றும் செய்வதில்லை என்று விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் தரப்பில் ஆயுதக் கடத்தல் என்று பிரிவு போட்டார்கள். சில வாரங்கள் கழித்து அரசு வழக்கறிஞரிடமிருந்து ஒரு சமாதான ஏற்பாடு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சின்ன அபராதம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ரிஸ்தென் அதைக் கையெழுத்திடாமலே திருப்பி அனுப்பினாள்.

கிராமத்தில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. மேய்ச்சல் சங்கத்தின் கூட்டத்தில் தலைவன் மாத்தே எழுந்து நின்று சத்தம் போட்டான்.

"உனக்கு வீரம் காட்டணும்னா தனியா காட்டிக்கோ ரிஸ்தென். விதி வந்ததிலேர்ந்து நாங்க எல்லாம் துப்பாக்கியைச் சத்தமில்லாம ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சுக் கொண்டு போய்க்கிட்டுதான் இருந்தோம். உன்னால இப்ப ஒவ்வொரு ஸ்கூட்டரையும் சோதனை போடுறான். எல்லாருடைய துப்பாக்கியையும் பிடுங்கினா நீ வாங்கித் தருவியா?"

"சீட்டுக்கு அடியிலன்னு எவ்ளோ பெருமையா சொல்றான் பாரு!" என்றாள் ரிஸ்தென். "எலி கூட அப்படித்தான் போகுது மாத்தே."

கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி முறைத்தது. மாத்தே முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் ஹெய்க்கா எழுந்தான். சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை. காபி ஊற்றத்தான் எழுந்தான் என்று சிலர் கோப்பையைக்கூட நீட்டினார்கள்.

"நானும் ஏதோ ஒரு தேதியைப் போட்டுப் பணத்தைக் கட்டிட்டுப் போகலாம்னுதான் சொன்னேன்" என்றான். "அன்னிக்குப் பள்ளத்து விளிம்புல கையில கத்தியோட நின்னேன். கீழ அது சாகவும் முடியாம எந்திரிக்கவும் முடியாம கிடக்கு. அப்ப எனக்கு வேற எதுவும் தோணலை. போன்ல ரெண்டு நாட்டுக்காரனும் நான் இல்ல, நான் இல்லங்கிறான். என் பொண்டாட்டிதான் போய் எடுத்துட்டு வந்தா. அதை ஒளிச்சு வைன்னு சொன்னேனே, அதுதான் இன்னிக்கும் எனக்கு வெக்கமா இருக்கு." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான்.

மாத்தேயும் உட்கார்ந்தான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் ரிஸ்தென் காரை ஓட்டியபடியே, "நீ இவ்ளோ பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா கோர்ட்டுக்கு உன்னையே வக்கீலா வெச்சிருப்பேன்" என்றாள். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

*

வழக்கு இலையுதிர்காலத்தில் வந்தது. அரசு கொடுத்த வக்கீல் ஸ்வேயா என்ற, ஸ்வீடனின் தெற்குப் பக்கத்துப் பெண். கெட்டிக்காரி, ஆனால் மானைச் சாப்பாட்டுத் தட்டில்தான் பார்த்திருந்தாள். "நீங்க பதற்றத்துல இருந்தீங்க, எல்லை எங்கன்னு கவனிக்கலைன்னு சொல்லிடலாம்" என்றாள்.

"எல்லை எங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கல்லுல உக்காந்துதான் சாப்பிடுவேன்."

நீதிமன்றத்தில் பின் வரிசை நிறைந்திருந்தது. மாத்தேகூட வந்து கதவோரம் நின்றான். விடுப்பு எடுத்துக்கொண்டு ஈவர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாட்சி சொல்ல வந்திருந்தான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். பள்ளத்திலிருந்து ஆவி எழும்பியதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தித் தண்ணீர் கேட்டான்.

சிக்வார்டைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது அவர் தயங்கி அருகில் வந்தார். "அன்னிக்கு லைன் சரியில்லைன்னு சொல்லட்டுமா? எனக்கும் அது நல்லது, உங்களுக்கும் நல்லது."

"லைன் நல்லாத்தானே இருந்தது."

கூண்டில் ஏறியவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாங்க. உரிமம் குடுக்கிற ஆளு நான்தான். என்னால அவங்களுக்கு உரிமம் குடுக்க முடியலை. அவங்க கேட்ட கேள்விக்கு எங்க படிவத்துல இடம் இல்ல. அவங்க மேல தப்பிருக்குன்னு எனக்குத் தோணலை." அரசு வழக்கறிஞர் இடைமறித்து, அபிப்பிராயம் கேட்கவில்லை என்றார். "தெரியும். முப்பது வருஷமா யாரும் கேட்டதில்ல" என்றார் சிக்வார்ட்.

பிறகு ரிஸ்தெனின் முறை.

"உங்களுக்குச் சொந்தமா எத்தனை மான் இருக்கு?" என்று அரசு வழக்கறிஞர் முதல் கேள்வியாகக் கேட்டார்.

பின் வரிசையில் ஒரு கனைப்பு கேட்டது, அப்புறம் அடக்கிய சிரிப்பு. சாமி மக்களிடம் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது.

"உங்க பேங்க்ல எவ்ளோ இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. நான் அப்புறம் சொல்றேன்" என்றாள் ரிஸ்தென். நீதிபதிகூடக் குனிந்து காகிதத்தைப் புரட்டிக்கொண்டார்.

"சரி. உரிமமில்லாம எல்லை தாண்டி ஆயுதம் கொண்டு போறது குற்றம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கொண்டு போனீங்க?"

"தெரிஞ்சேதான்."

"மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா போலீஸ் வந்திருப்பாங்களே?"

"நான் காத்திருப்பேன். அது காத்திருக்காதே. உங்க காலை ரெண்டா ஒடிச்சு ஐஸ்ல போட்டுட்டு, மத்தியானம் ஆள் வரும்னு சொன்னா உங்களுக்குச் சரியா இருக்குமா?" நீதிபதி பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் ஒண்ணுதான் கேக்கறேன். என்னை ஆயுத வியாபாரின்னு எழுதி வெச்சிருக்கீங்க. நான் யாருக்கு வித்தேன்? அந்தத் துப்பாக்கி இங்கேர்ந்து கிளம்பினப்ப என் முதுகுல இருந்தது. அங்க போய்ச் சேர்ந்தப்பவும் என் முதுகுலதான் இருந்தது. இதுல ஏற்றுமதி எங்க நடந்தது?"

தீர்ப்பு அன்றே வரவில்லை. வந்தபோது ஸ்வேயா போனில் துள்ளினாள். குற்றம் நடந்திருக்கிறது, ஆனால் சூழ்நிலையை வைத்துத் தண்டனை எதுவும் தேவையில்லை, துப்பாக்கியும் திரும்பக் கிடைக்கும். "ஜெயிச்சிட்டோம்!"

"குற்றம் நடந்திருக்குன்னுதானே போட்டிருக்கு?"

"அது பேருக்கு. தண்டனை எதுவும் கிடையாது."

"மேல் கோர்ட்டுக்குப் போகணும்."

"தண்டனையே குடுக்காத தீர்ப்பை எதிர்த்து அப்பீலா? எங்க ஆபீசே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மன்னிச்சு விடறதுக்கு நான் தப்புப் பண்ணலை."

மேல் முறையீட்டு நீதிமன்றம் அதைக் குளிர்காலத்தில் எடுத்துக்கொண்டது. மார்ச் மாதம் முழுதாக விடுதலை செய்தது. வேலைக்கான கருவியைக் கையோடு கொண்டு போய்க் கையோடு கொண்டு வருவது அந்தப் பிரிவில் சொல்லப்பட்ட ஏற்றுமதி ஆகாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் எழுதினார்கள். மூன்றாமவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இருவரும், விதியை மாற்றும் வேலை அரசாங்கத்துடையது என்றும் சேர்த்து எழுதினார்கள். அரசாங்கம் பரிசீலிப்பதாகச் சொன்னது. விதி புத்தகத்தில் அப்படியே இருந்தது. கட்டணமும் அப்படியே.

அந்த வசந்தத்தில் மந்தைகள் கிளம்புவதற்கு முந்தைய நாள், மாத்தேயே இரண்டு பக்கத்துச் சுங்க அலுவலகத்துக்கும் போன் செய்து சொன்னான்: நாங்கள் எல்லாரும் வருகிறோம், துப்பாக்கி இருக்கிறது, உரிமம் இல்லை, இந்த வழியாகத்தான் வருகிறோம்.

நெடுஞ்சாலையை மேய்ச்சல் பாதை குறுக்கே வெட்டும் இடத்தில் சுங்க வண்டி ஒன்று நின்றது. உள்ளேயிருந்து இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். எதிரே பனிச்சரிவில் ஸ்கூட்டர்கள் வரிசையாக இறங்கி வந்தன. எல்லார் துப்பாக்கியும் முதுகில், பார்க்கிறவர் கண்ணில் படும்படி. சீட்டுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. நடுவே மான்கள் கொம்போடு கொம்பு உரச, சாலையின் உப்பை நக்கிக்கொண்டு, சுங்க வண்டியைச் சுற்றிக்கொண்டு போயின.

"நிறுத்துங்க" என்றார் மூத்த அதிகாரி.

மாத்தே நிறுத்தினான். அவன் பின்னால் எல்லாரும் நிறுத்தினார்கள். மான்கள் நிற்கவில்லை.

"உரிமம்?"

"இல்ல."

"பேரு?"

மாத்தே தன் பெயரை உரக்கச் சொன்னான். அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னான். அடுத்தவன் வந்தான், அவனும் அப்படியே. அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். விரல் விறைத்துக் கையை உதறிக்கொண்டார். ரிஸ்தென் முறை வந்ததும் நிமிர்ந்தார்.

"உங்களை எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சாலும் எழுதுங்க. மத்தவங்களுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா?"

அவளுக்குப் பின்னால் ஹெய்க்கா, அவனுக்குப் பின்னாலும் ஆட்கள். எல்லாப் பெயரையும் எழுதி முடித்தபோது மந்தை எப்போதோ நார்வேக்குள் போய்விட்டிருந்தது. அதிகாரி நோட்டை மூடி, வண்டியை ஓரமாக நகர்த்தச் சொன்னார். அந்தப் பெயர்களில் ஒருவர்மேலும் வழக்கு வரவில்லை.

ஜூலையில், எது யாருடையது என்று தெரியக் கன்றுகளுக்குக் காதுக்குறி வெட்டும் நாளில் செய்தி வந்தது. எல்லை தாண்டி மேய்க்கிறவர்களுக்கு உரிமமும் கட்டணமும் இடைக்காலமாக நிறுத்திவைக்கப்படுகின்றன. ஹெய்க்கா கைபேசியில் படித்துவிட்டு, பட்டிக்குள் வேலையாக இருந்த மனைவியிடம் வேலிக்கு மேலாகக் கத்தினான். அவள் ஒரு கன்றை முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். கையில் கத்தி, முகமெல்லாம் புழுதி.

"என்ன, சந்தோஷம்தானே?" என்றான்.

"இடைக்காலமாத்தானே? அப்ப சந்தோஷமும் இடைக்காலத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கன்றை விட்டாள். அது நான்கு காலையும் உதறிக்கொண்டு தாயைத் தேடி ஓடியது. "நின்னு படிச்சுக்கிட்டே இருக்காத, அடுத்ததைப் பிடி."